தெரியாத பத்துப் பேரோடு பொதிகைக்குப் போகலாமா?

கேள்வி, 2024 டிசம்பர் 1

எனக்கு 57 வயது, பாளையங்கோட்டை. இருபத்திரண்டு வருடம் மாலை போட்டு சபரிமலை போயிருக்கிறேன், அதில் ஒன்பது தடவை எருமேலியிலிருந்து பெருவழியில் நடந்தே. பொதிகைக்கு, அதாவது அகத்தியர் மலைக்கு, ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பாபநாசம் பக்கமாக விடுவதில்லை, கேரளாவில் போனக்காடு வழியாகத்தான் போகணும், அதுவும் சிறு குழுவாக, வழிகாட்டியோடுதான் என்கிறார்கள். சாமி மலைக்கு வழிகாட்டி எதுக்கு? முன்பின் தெரியாத பத்துப் பேரோடு நடந்தால் அது யாத்திரையா சுற்றுலாவா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 1, இரவு

அண்ணாச்சி, போங்க. 2023 பிப்ரவரியில் நான் அப்படித்தான் போனேன், பத்துப் பேரில் ஒருத்தியாக. ஒருத்தரையும் எனக்கு முன்னால் தெரியாது. எனக்கு அம்பாசமுத்திரம், எங்கள் பேச்சில் அம்பை. எங்கள் மாடியில் நின்று அப்பா விரல் நீட்டிக் காட்டிய முகடு அது. நாற்பது வருடம் இங்கிருந்தே கும்பிட்டிருக்கிறேன்.

யாத்திரையா சுற்றுலாவா என்று கேட்டிருக்கிறீர்கள். போவதற்கு முன்னால் நானும் இதையே கேட்டேன். ஒரே மூச்சில் பதில் எழுத முடியவில்லை, நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 2

முதலில் வழி. மலை நம் முகத்துக்கு நேரே நிற்கிறது, ஆனால் அதன் முதுகுப் பக்கம் போய்த்தான் ஏற வேண்டும். அம்பையிலிருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு, விதுரை, அங்கிருந்து வளைந்து வளைந்து போனக்காடு. நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போயும் போகலாம். திருவனந்தபுரத்திலிருந்து போனக்காடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம் பாழடைந்து கிடக்கும், அதைத் தாண்டினால் காட்டுச் சோதனைச் சாவடி.

மொத்தம் மூன்று நாள். முதல் நாள் போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை, காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். இரண்டாம் நாள் உச்சிக்குப் போய் மறுபடி அதிருமலைக்கே இறங்கித் தங்கல். மூன்றாம் நாள் இறக்கம். உச்சி 1,868 மீட்டர். கரிமலை ஏறின கால்களுக்கு ஏற்றம் புதிதில்லைதான். ஆனால் பெருவழியில் கடை இருக்கும், வெளிச்சம் இருக்கும், முன்னும் பின்னும் சரணம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அது ஒன்றும் கிடையாது. நாம் பேச்சை நிறுத்தினால் காடு மட்டும்தான்.

எங்கள் அப்பா 1978-ல் பாபநாசம் வழியாகப் போனவர். பாணதீர்த்தம், கன்னிகட்டி என்று ஒவ்வொரு இடமாகச் சொல்வார். அந்த வழி நமக்கு இனி இல்லை என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. 1962-லேயே முண்டந்துறை சரணாலயம், 1976-ல் களக்காடு, இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆனது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழி அடைபட்டது. காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகும்போது, அணைக்கு அப்பால் மலையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிட்டு வருவேன்.

டிசம்பர் 4

தெரியாத பத்துப் பேர் யார் என்று சொல்கிறேன். மார்த்தாண்டத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர், கோட்டயத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும், கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கிற மூன்று பையன்கள், மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவன், நாகர்கோவிலில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற 61 வயதுக்காரர் ஒருவர், பத்தாவது நான். வழிகாட்டிகள் இரண்டு பேர், இரண்டு பேரும் அந்த மலைப் பழங்குடியான காணி இனத்தவர். பெரியவருக்கு ஐம்பது இருக்கும், இளையவருக்கு இருபத்தைந்து.

கிளம்பிய அரை மணி நேரத்திலேயே மார்த்தாண்டம் தம்பிகள் ஓட்டமாகப் போய்விட்டார்கள். லாத்திமொட்டையில் போய் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரிய வழிகாட்டி ஒன்றும் கோபப்படவில்லை. கையில் இருந்த அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு, நாகர்கோவில் ஐயாவைக் கூப்பிட்டு, "ஐயா முன்னால நடக்கட்டும். ஐயாவைத் தாண்டி ஒருத்தரும் போக வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். மூன்று நாளும் அந்த ஒழுங்குதான். ஐயா நின்றால் பத்துப் பேரும் நிற்போம். ஐயா தண்ணீர் குடித்தால் எல்லாரும் குடிப்போம்.

முதல் நாள் எனக்கே அது எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. நான் தினமும் ஆற்றங்கரையில் நடக்கிறவள், வேகமாக நடப்பேன். ஒருத்தருக்காக ஒன்பது பேர் காத்திருப்பதா என்று தோன்றியது. ஆனால் அப்படி நின்ற இடங்களில்தான் காட்டைப் பார்த்தேன். வாழைப்பைந்தியாற்றுக்குப் பக்கம் ஐயா மூச்சு வாங்க நின்றபோது, மேலே கிளையில் கருமந்திகள் ஒரு கூட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கன்னங்கரேலென்ற உடம்பு, தலை மட்டும் பழுப்பாகப் பொன்னிறம். நான் என் வேகத்தில் போயிருந்தால் குனிந்த தலை நிமிராமல் கடந்திருப்பேன்.

சபரிமலையில் உங்களுக்கு குருசாமி இருப்பாரே அண்ணாச்சி, கன்னிசாமியை முன்னால் விட்டு அவர் பின்னால் வருவாரே, அதே முறைதான் இது. அங்கே குருசாமி மலைக்குப் பலமுறை போனவர். இங்கே வழிகாட்டி மலையிலேயே பிறந்தவர்.

டிசம்பர் 5

ஒருத்தர் தனியாகக் கேட்டிருந்தார், பூஜை சாமான் கொண்டுபோகலாமா என்று. கூடாது. பிளாஸ்டிக்கும் கூடாது, பீடி, சிகரெட், மது எதுவும் கூடாது. சோதனைச் சாவடியில் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்ப்பார்கள். பிஸ்கட் கவரைக்கூடப் பிரித்துக் காகிதத்தில் மாற்றச் சொன்னார்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அப்பா 1978-ல் கொண்டுபோன பித்தளைச் சம்புடத்தில் கொஞ்சம் கற்பூரமும் விபூதியும் எடுத்துப் போயிருந்தேன். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் ஏற்றிய இடத்தில் ஒரு கட்டி ஏற்றலாம் என்ற ஆசை. பையைச் சோதித்தவர் விபூதியை விட்டுவிட்டுக் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. ஒரு கட்டிக் கற்பூரத்தால் என்ன கெட்டுவிடும்? இத்தனை பேர் பூட்ஸ் காலோடு ஏறுகிற மலையில் கற்பூரத்துக்குத்தானா தடை? அன்றைக்கு அப்படி நினைத்தேன். இன்றைக்கும் அது முழுதாக மாறவில்லை.

டிசம்பர் 8

மருத்துவச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். கட்டணம், தேதி, எத்தனை பேர் என்பதெல்லாம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அந்தந்த வருடத்துக் கேரள வனத்துறை அறிவிப்பைப் பார்த்துச் செய்யுங்கள். தை, மாசிதான் காலம். முன்பதிவு திறந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும், அசந்தால் தேதி போய்விடும். எனக்கு முதல் வருடம் கிடைக்கவில்லை, இரண்டாம் வருடம்தான் கிடைத்தது.

டிசம்பர் 14

இரண்டு நாளாக நல்ல மழை. தாமிரபரணியில் வெள்ளம். குறுக்குத்துறை முருகனைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது என்று தங்கச்சி போனில் சொன்னாள். போன வருடம் இதே டிசம்பர் 17, 18-ல் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும், மழை கொஞ்சம் கனத்தாலே இப்போது வயிற்றைக் கலக்குகிறது. நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் பேப்பரில் முதலில் பார்ப்பது அணை நிலவரம்தானே. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று போய்ப் பார்த்தவர்கள் நம்மில் ரொம்பக் கொஞ்சம். நானும் பூங்குளத்தைப் பார்த்ததில்லை, அது நம் பக்கத்துச் சரிவில் இருக்கிறது, அப்பா சொல்லிக் கேட்டதுதான். ஆனால் ஏறும்போது நிறைய இடத்தில் பாறைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும், கண்ணுக்குத் தெரியாது. கோட்டயத்து அம்மா ஒரு இடத்தில் பாறையில் காதை வைத்துக் கேட்டார்கள். நானும் வைத்தேன். குளிர்ச்சியாக, தூரத்தில் யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது.

மேற்கே விழுகிற மழை கேரளத்து ஆறாக ஓடும், கிழக்கே விழுவது தாமிரபரணியாக நமக்கு வரும். அகத்தியர் வடக்கையும் தெற்கையும் சமன் செய்ய வந்தார் என்று கதை. எனக்கு அங்கே நின்றபோது தோன்றியது, இந்த மலை இன்னும் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று.

டிசம்பர் 15

கற்பூரத்தைப் பற்றி 5-ஆம் தேதி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி மழைச் சத்தத்தில் தூக்கம் வராமல் அந்த மூன்று நாளையும் மறுபடி நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையாறு தாண்டியதும் காடு விலகி ஒரு புல்வெளி வரும். நாங்கள் போனது மாசி, புல் இடுப்பு உயரம், காய்ந்து வைக்கோல் நிறம். உச்சி வெயில். காற்று அடித்தால் மொத்த மேடும் சரசரவென்று சாயும். பெரிய வழிகாட்டி ஒரு தாளைப் பிடுங்கி இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார், அப்பளம் மாதிரி பொடிந்தது. "இதில ஒரு பொறி விழுந்தா, நாம ஓடுறதைக் காட்டிலும் தீ வேகமா ஓடும்" என்றார். தேனி பக்கம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ல் நடந்ததை மதுரை மாணவன்தான் முதலில் எடுத்தான். மலையேறப் போன 23 பேர் காட்டுத்தீயில் இறந்து போனார்கள். அந்தப் பேச்சு வந்ததும் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் புல்வெளி முடிகிற வரைக்கும் ஒருத்தரும் பேசவில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்துவிட்டும் பத்து நாளைக்கு முன்னால் 'ஒரு கட்டிக் கற்பூரத்தால் என்ன' என்று எழுதியிருக்கிறேன். தப்பு. நான் ஒரு கட்டி, நீங்கள் ஒரு கட்டி, நாளைக்கு வருகிறவர் ஒரு கட்டி. எடுத்து வைத்தவர் சரியாகத்தான் செய்தார். மூன்றாம் நாள் அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்தார், கட்டி குறையாமல் இருந்தது. அதைப் பாபநாசநாதர் கோயிலில் கொண்டுபோய் ஏற்றினேன். அகத்தியருக்குக் கல்யாணக் காட்சி கிடைத்த இடம் அது, அப்பா கோபப்பட மாட்டார்.

டிசம்பர் 22

"பெண்கள் போகலாமா, போவது சரியா" என்று கேட்டவருக்கு.

போகலாம். 2018 நவம்பர் கடைசியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அதிகாரி ஏறினார். அதற்கு அப்புறம்தான் எனக்கு வழி திறந்தது. அதற்கு முன்னால் அப்பாவிடம் 'என்னையும் கூட்டிட்டுப் போங்கப்பா' என்று கேட்டால், சிரித்துவிட்டு மாடிக்குக் கூட்டிப்போய் மலையைக் காட்டுவார்.

சரியா என்று கேட்டால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். காணி மக்களில் நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை, அவர்கள் வீட்டுப் பெண்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அகத்தியர் அவர்களுக்கு முதல் மூதாதை மாதிரி, மலை அவர்கள் கோயில். இது தெரிந்துதான் நான் போனேன், அதனால் முதல் நாள் முழுக்க வழிகாட்டி முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். ராத்திரி அதிருமலையில் கஞ்சி குடிக்கும்போது கேட்டே விட்டேன்: "நான் வந்தது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கஞ்சியில் பயற்றைக் கலந்து நாலு வாய் குடித்தார். அப்புறம் சொன்னார், "எங்க அம்மை வரல. எங்க வீட்டுக்காரியும் வரமாட்டா. நீங்க அம்பாசமுத்திரத்துல இருந்து வாறிய. எங்க அத்தையை இஞ்சிக்குழியிலதான் கொடுத்திருக்கு. மெல்ல நடந்தா மதி (போதும்)."

இதில் சம்மதமும் இருக்கிறது, சம்மதமில்லாததும் இருக்கிறது. இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டேன். உச்சியில் சிலைக்குப் பக்கத்தில் போகாமல் நாலு எட்டு தள்ளி நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. கோட்டயத்து மகள் பக்கத்தில் போய்த் தொட்டுக் கும்பிட்டாள், அதுவும் அவள் உரிமை. நான் நின்றது அந்த மனிதரின் அம்மைக்காக. போகிற பெண்கள் எல்லாம் இப்படி நிற்க வேண்டும் என்று சொல்லவே மாட்டேன்.

இஞ்சிக்குழி நம் பக்கம், காரையாறு அணைக்கு மேலே. எல்லைக்கோடு நமக்குத்தான், அவர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து இரண்டு பக்கமும் ஒரே சொந்தம்.

டிசம்பர் 23

கஞ்சி என்றதும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். முகாமில் அரிசிக் கஞ்சி, பயறு, அப்பளம். காலையில் சாப்பாடு வேறு. தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான், ராத்திரி குளிர் எலும்பைத் தொடும், கனமான போர்வையோ கம்பளிச் சட்டையோ கட்டாயம் வேண்டும். முகாமைச் சுற்றி யானை வராமல் இருக்கக் குழி வெட்டியிருந்தது.

2025 ஜனவரி 3

"குழு சிறியது என்று எப்படி நம்புவது" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் நான் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். பொதிகைக்கு முந்தின வருடம், திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு. 'பன்னிரண்டு பேர் மட்டும், கூடவே வழிகாட்டி' என்று ஒருத்தர் பணம் வாங்கினார். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு வேன், முப்பது பேருக்கு மேல். வழிகாட்டி என்று வந்த பையனுக்குத் திருக்குறுங்குடி ஊரே புதுசு. பாதிப் பேர் முன்னால் போய்விட, பாதிப் பேர் டீக்கடையில். நேரமாகிவிட்டது என்று வனத்துறைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பியாற்றில் கால் நனைத்துவிட்டு, கீழே நம்பிராயர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு வீடு வந்தோம். கூட வந்திருந்த என் சித்தி, எழுபது வயது, வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. பணம் திரும்பி வரவில்லை. அதைவிட சித்தி முகம்தான் இன்னும் உறுத்துகிறது. புரட்டாசி சனிக்கிழமை என்று பார்க்காமல், ஒரு சாதாரண நாளில் நாங்கள் இருவராகவே போய் வந்த பிறகுதான் அவர்கள் மனம் ஆறியது.

அதனால் தம்பி, மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அந்த வழிகாட்டிக்கு எந்த ஊர். மூன்றாவதற்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். அனுமதி 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்கிறவர்களிடம் போகவே வேண்டாம், அனுமதி உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். நம் அரசே 2024 அக்டோபரில் நாற்பது மலைவழிகளை இப்படி வழிகாட்டியோடு திறந்திருக்கிறது, நம் மாவட்டத்திலும் உண்டு. பொதிகைக்கு முன்னால் அதில் ஒன்றை நடந்து பார்ப்பது நல்லது, கால் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ஜனவரி 9

பாளை அண்ணாச்சிக்குத் தேதி கிடைத்துவிட்டதாம், பிப்ரவரி முதல் வாரம். ரொம்ப சந்தோஷம்.

இப்போதிருந்தே படி ஏறுங்கள். தட்டையில் நடப்பது போதாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியை வாங்கும். எனக்கு மூன்றாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது, கடைசி நாலைந்து கிலோமீட்டர் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். இளைய வழிகாட்டி என் பையை வாங்கித் தன் பையின் மேல் கட்டிக்கொண்டான். முதல் நாள் அவன் எல்லாருக்கும் ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தான், ஆளுக்கு ஆள் உயரம் பார்த்து. கைபிடிக்கிற இடத்தில் கணுவைச் சீவி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, மறுபடி சீவி, அப்புறம்தான் கொடுத்தான். மார்த்தாண்டம் தம்பி ஒருத்தன் 'எனக்கு எதுக்கு' என்று மறுத்தான். மூன்றாம் நாள் அவன்தான் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, சாவடியில் சாத்தி வைத்துவிட்டு வர வேண்டும். விட்டுவர மனம் வராது.

பழகிய செருப்போ காலணியோ போடுங்கள், புதிது வேண்டாம். மாசியில் அட்டை குறைவு, மழை பெய்திருந்தால் இருக்கும், உப்பு கொஞ்சம் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10

ஒரு வார்த்தை. முதல் நாள் கடைசி ஏற்றங்களுக்கு ஏழுமடக்குத் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று பெயர். நமக்குத் தேரி என்றால் குதிரைமொழித் தேரி மாதிரி செம்மணல் மேடு. அங்கே தேரி என்றால் செங்குத்தான ஏற்றம். முட்டிடிச்சானுக்கு விளக்கம் தேவையில்லை, ஏறும்போது முட்டி நெஞ்சில் வந்து இடிக்கும். அந்த ஏற்றத்தில்தான் நாகர்கோவில் ஐயா உட்கார்ந்துவிட்டார். 'நீங்க போங்க, நான் இப்படியே இறங்கிடுறேன்' என்றார். கோயம்புத்தூர்ப் பையன்கள் மூன்று பேரும் அவர் பையைத் திறந்து, தண்ணீர், போர்வை, மாத்திரை டப்பா என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வெறும் பையை மடித்து நான் வைத்துக்கொண்டேன். ஐயா வெறுங்கையோடு எழுந்து நடந்தார். யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதற்கு டிசம்பர் 1-லேயே இதை எழுதியிருக்கலாம். எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 19

உச்சியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். எழுத வரவில்லை, அதுதான் காரணம். முயன்று பார்க்கிறேன்.

அதிருமலையிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். மெலிந்த மூங்கில் புதர் நடுவே பாதை, வழியில் யானைச் சாணம், ஆவி பறக்கவில்லை என்பதால் பயமில்லை என்றார் வழிகாட்டி. பொங்காலப்பாறை வந்தது. நம் ஊர் ஆட்கள் முன்பு பொங்கல் வைத்த இடம், பாறை மேல் தண்ணீர் வழிந்தோடும். ஐயா அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றார். அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. இளைய வழிகாட்டி அவரோடு தங்கினான். மற்றவர்கள் மேலே போனோம். இரண்டு நாளும் முன்னால் நடந்தவர் இல்லாமல் நடப்பது என்னவோ போல இருந்தது, யார் முதலில் போவது என்று எங்களுக்கே தெரியவில்லை. மார்த்தாண்டம் தம்பிகள் கோட்டயத்து அம்மாவை முன்னால் விட்டார்கள்.

அதற்கு மேல் மொட்டைப்பாறை, கயிறு கட்டியிருக்கும். பாறை ஈரமாக இருந்தது. கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து, பாதம் முழுக்கப் பதித்து ஏற வேண்டும், பயந்து குனிந்தால் வழுக்கும். காற்று காதுக்குள் அடிக்கிறது. மேலே போனதும் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை மூட்டம். குள்ளமான மரங்களுக்கு நடுவே அகத்தியர், சின்ன உருவம், நனைந்து கறுத்து நிற்கிறார். நான் நாலு எட்டு தள்ளி நின்றேன் என்று சொன்னேனே, அங்கிருந்துதான் கும்பிட்டேன். சம்புடத்திலிருந்து விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு எல்லாருக்கும் கொடுத்தேன். பெரிய வழிகாட்டியும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

இருபது நிமிடம் கழித்துக் கிழக்குப் பக்கம் மட்டும் மூட்டம் கிழிந்தது. கீழே, ரொம்பக் கீழே, காரையாறு அணைத் தண்ணீர் ஒரு துண்டு கண்ணாடி மாதிரி கிடந்தது. அதற்கு அப்பால் நம் சமவெளி, வெயிலில் வெளுத்து. அம்பை எது, விக்கிரமசிங்கபுரம் எது, ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வழிகாட்டியிடம் "எங்க வீட்டு மாடி அங்கதான் இருக்கு" என்று விரல் நீட்டிக் காட்டினேன். அப்பா மாடியில் நின்று நீட்டிய அதே விரல், இந்தப் பக்கத்திலிருந்து. அவர் என் விரல் போன திசையைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "ஆமா, தெரியுது" என்றார். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னார்.

இறங்கி வந்தபோது ஐயா பொங்காலப்பாறையில் காலை நீட்டி உட்கார்ந்து, இளைய வழிகாட்டியிடம் பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஐயா நெற்றியில் நானே விபூதி இட்டுவிட்டேன்.

ஜனவரி 20

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இருபது நிமிடம் என்றேன். கோட்டயத்து மகளிடம் போனில் கேட்டேன் (இன்னும் பேசிக்கொள்கிறோம்), முக்கால் மணி நேரம் நின்றோமாம். பற்கள் தந்தியடித்தன என்கிறாள். எனக்குக் குளிர்ந்ததே நினைவில்லை.

பிப்ரவரி 6

அண்ணாச்சி நேற்று ஏறியிருக்கிறார். மதினி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள், போன் போகவில்லையே என்று. அங்கே சிக்னல் கிடையாது மதினி, போனக்காடு இறங்கி விதுரைப் பக்கம் வந்தால்தான் பேச முடியும், நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடுவார், கவலைப்படாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே காலையில் மலை தெளிவாகத் தெரிந்தது. பத்து மணிக்கு மேகம் மூடிவிட்டது.

பிப்ரவரி 7, இரவு

கூப்பிட்டுவிட்டார். விதுரையில் டீக்கடை வாசலில் நின்று பேசினார், பின்னால் ஒரே சத்தம். மலையைப் பற்றிக் கேட்டேன், சிரித்தார். அவர் குழுவில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் ரொம்ப மெதுவாம், டீச்சரை முன்னால் விட்டுத்தான் நடந்தார்களாம். இப்போது பக்கத்திலேயே நிற்கிறார்கள், டீச்சருக்குப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் அண்ணாச்சி கிளம்புவாராம். "பயறு நல்லா வெந்திருந்துச்சும்மா" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டார்.

மீதியை அவர் வந்து எழுதட்டும்.